முப்பத்தோராம் ஸ்லாட்டின் சூடு

உள்ளே போகும்முன் ஏசுதாஸ் கழற்றாதது தோலை மட்டும்தான். பெல்ட், கடிகாரம், செருப்பு, கடைசியாக மனைவி பிரிசில்லா கட்டிவிட்ட வெள்ளிச் சிலுவை. ஸ்டோர் கிளார்க் சதாசிவம் எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் எழுதி வாங்கிக்கொள்வார். வெளியே வந்ததும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி வாங்க வேண்டும்; அந்தக் கையெழுத்து விழுந்த பிறகுதான் மிஷினை மூடுவார்கள். ஜெனரேட்டருக்குள் ஒரு குண்டூசி தங்கினாலும் ஆபத்து.

மதுராந்தகத்தில் நாற்று நட்ட கூலிக்காரியின் மகன் அவன். கடற்கரை மின்நிலையத்தில் பதினோரு வருடமாகக் காண்டிராக்ட் ஆள். 2003-இல் மிஷினைத் திறந்து பழுதுபார்க்கும் ஓவர்ஹால் முடிந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஜெனரேட்டரின் இரும்பு, மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்தது. தகடுகளுக்கு இடையே வார்னிஷ் பூச்சு. பூச்சு தேய்ந்து தகடுகள் ஒட்டினால், வேண்டாத மின்சாரம் அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி இரும்பைக் காய்ச்சும். அதைப் பிடிக்க, இரும்பைச் சுற்றிக் கேபிள் கட்டி மின்சாரம் விடுவார்கள். நிறுத்திய பிறகு ஏசுதாஸ் தவழ்ந்துபோய்ப் புறங்கையால் தடவுவான்.

அந்த வருடம் கேமரா வந்திருந்தது. சூட்டை நிறமாகக் காட்டும் கேமரா. அது எல்லாம் சரி என்றது. கால் மணி கழித்து ஏசுதாஸின் கை, கம்பி பதிக்கும் பள்ளங்களில் ஒன்றான முப்பத்தோராம் ஸ்லாட்டில் நின்றது.

"ஆழத்துல சுடுது சார். இப்பத்தான் மேல வருது."

"கேமரா ஜெர்மனியிலேருந்து வந்திருக்கு. உன் கை எங்கேருந்துப்பா வந்திருக்கு?" என்றார் இன்ஜினியர் பரணிதரன்.

"மதுராந்தகம் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் மிஷின் ஓட வேண்டும். பிரிக்க நேரமில்லை.

ஏசுதாஸ் ரிஜிஸ்டரைத் தள்ளினான். "அதைப் பாக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"பேஜாரு பண்ணாதடா. சிலுவையக் கட்டிக்கினு கிளம்பு, நான் பாத்துக்கிறேன்" என்று சதாசிவம் பொருள்களைக் கொடுத்துவிட்டார்.

மிஷின் ஓடத் தொடங்கிய எட்டாம் மாதம் இரும்பு உருகியது. முப்பத்தோராம் ஸ்லாட்டில்.

விசாரணை மேசையில் ரிஜிஸ்டர் விரிந்து கிடந்தது. பரணிதரன் விரல் வைத்துக் காட்டினார். "வெள்ளிச் சிலுவை ஒன்று. உள்ளே போனவன் திருப்பி வாங்கினதா கையெழுத்து இல்லை. எழுதிட்டுக் கொடுக்காம, கட்டிக்கிட்டே போய் உள்ளேயே விட்டுட்டான்."

ஏசுதாஸ் சட்டையை விலக்கினான். "இதோ கீது சார்."

"புதுசு வாங்கிக் கட்டியிருப்பே."

அவன் சதாசிவத்தைப் பார்த்தான். கையெழுத்தில்லாமல் பொருளைக் கொடுத்த கிளார்க்குக்கும் வேலை போகும். சதாசிவம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

வாசலில் அவனுடைய கேட் பாஸ் அட்டையை இரண்டாக வெட்டினார்கள்.

கேளம்பாக்கத்தில் ஃபேன் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் உட்கார்ந்தான். மூன்று மாதம் கழித்துச் சதாசிவம் வந்தார்.

"உருகினதை லேப்ல பாத்தாங்க. வெள்ளியே இல்லியாம்டா. வெறும் இரும்பும் செம்பும்தானாம்."

ஏசுதாஸின் கை நின்றது. "அப்ப என்னைக் கூப்புடுவாங்களா அண்ணாத்த?"

"ஃபைலை மூடிட்டாங்க." சதாசிவம் பையிலிருந்து ஒரு டேபிள் ஃபேனை எடுத்து வைத்தார். "வூட்டுல இது ரொம்ப சுடுது. கொஞ்சம் கை வச்சிப் பாரேன்."

ஏசுதாஸ் அதைக் கால் மணி ஓடவிட்டு நிறுத்தி, புறங்கையை வைத்தான்.

"ஆமா, சுடுது" என்றான்.