கயிற்றை விட்ட மாமன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டில் பிறந்தவள். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உப்புக் கரிக்கும் என்பதுதான். ஆனால் கதை சொல்லத் தெரியும். அந்தத் திமிரும் நிறைய இருந்தது. கடைசி மணிக்கு முன்னால் அரை மணி நேரம் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். முக்கியமான இடத்தில் நிறுத்தி, மிச்சம் நாளைக்கு என்பேன். அதற்காகவே மறுநாள் ஒருவர் விடாமல் வந்துவிடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சங்கு குளிக்கிறவன் கதையை எடுத்தேன். பாதிப் பிள்ளைகளின் அப்பாமார் அந்தத் தொழில்தான். ரசிப்பார்கள் என்று நினைத்தேன். கதையில் அவன் கல்லைப் பிடித்துக்கொண்டு கடலின் அடிக்குப் போய்விட்டான். மேலே வள்ளத்தில் நின்ற மச்சான், அவனை மேலே இழுக்கப் பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டான். மணி அடித்தது. மிச்சம் திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலையில் ஒரு பிள்ளையின் அம்மா என் வாசலில் வந்து நின்றாள். அவள் சொல்லித்தான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. அங்கே குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்கிறது அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான். கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தாவது அந்தக் கை கயிற்றை விடாது என்கிற நம்பிக்கை. என் கதையைக் கேட்ட அவள் மகள் ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள். விடியற்காலையில் அப்பாவும் மாமாவும் புறப்பட, மாமாவின் காலைக் கட்டிக்கொண்டு, இவர் கயிற்றை விட்டுவிடுவார், போகக் கூடாது என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கிறாள். கடலுக்குப் புறப்படும்போது அப்படி ஒரு சொல் விழுந்துவிட்டால், அந்தக் கை அன்றைக்குக் கயிற்றைத் தொடாது. மாமா கரையிலேயே நின்றுவிட்டார். அப்பா வேறு யாரோ ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"மொதல்ல கதையில கெடக்கிறவன மேல ஏத்துங்க டீச்சரம்மா," என்றாள் அவள். "அடியிலயே போட்டுட்டு வந்துட்டீகளே."

அவளோடு கடற்கரைக்கு ஓடினேன். பிள்ளை கடலைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்திருந்தாள். மச்சான் உடனே குதித்து அவனைத் தூக்கிவிட்டான், இரண்டு பேரும் சோறு தின்னப் போனார்கள் என்று என்னென்னவோ உளறினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. விட்டுட்டாருல்லா என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் தள்ளி அவள் மாமா தனியாக நின்றார். அவர் பக்கத்தில் யாரும் போகவில்லை.

நானும் அங்கேயே கிடந்தேன். தூரத்தில் ஒரு பாய்மரம் தெரிந்தால் எழுந்து நின்று பார்ப்பேன். ஜெபம் பண்ணினால் வார்த்தை பாதியில் நின்றுபோகும். அந்த மனுஷன் திரும்பி வராவிட்டால் இந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பேன்? இப்போதே பஸ் ஏறி ஊருக்கு ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்படி யோசித்ததைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் சாய்ந்து வள்ளங்கள் வந்தன. மூன்றாவது வள்ளத்தில் அவள் அப்பா காதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தாயும் மகளும் தண்ணீரை நோக்கி ஓடினார்கள். மாமா மட்டும் என்னிடம் வந்தார்.

"கதையில அவன் ஏன் டீச்சரம்மா கயித்த விட்டான்? அவனுக்கு என்ன கோவம்?"

கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை பிள்ளைகள் வர வேண்டும் என்று நான்தான் விட வைத்தேன். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? பிள்ளைகிட்ட சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். எந்த மாமனும் கயிற்றை விடவில்லை, நான்தான் இட்டுக்கட்டிச் சொன்னேன் என்றேன்.

"அப்போ கதையெல்லாம் பொய்யா டீச்சர்?"

"பொய்தான் மக்கா."

அவள் ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை அவரே கயிறு பிடிக்கப் போனார். அவளும் பள்ளிக்கூடத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அந்த வருஷம் முழுக்க நான் சொன்ன எந்தக் கதைக்கும் அவள் பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.