இல்லாத யானைக்கு ஒதுங்கிய ராணி

வேலம்பாளையத்தில் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட். ஒரே மெஷினில் பகல் ஷிப்ட் எனக்கு, ராத்திரி ஷிப்ட் கூட வேலை பார்த்த ஒரு தம்பிக்கு. நூல் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிக் கட்டம் போட்டு, பட்டன்கள் மேல் ராஜா, ராணி, யானை என்று பேனாவால் எழுதி, அந்த மெஷின் பக்கத்திலேயே செஸ் ஆடினோம். ஒரு ஷிப்டுக்கு ஒரு காய்தான் நகர்த்தலாம். நகர்த்தியதை மெஷின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

அவன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், என்னைவிட நாலு வயது இளையவன். பதினொரு மாதத்தில் ஒரு ஆட்டம்கூட நான் ஜெயிக்கவில்லை. பொறாமை வரவில்லை என்றால் பொய். ஆனால் பெருமைதான் அதிகம். டீக்கடையில் யார் மாட்டினாலும் அவன் புராணத்தைப் பாடாமல் விடமாட்டேன்.

ஒருநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில், பேப்பரில் வந்திருந்த கேள்வியைப் படித்துக் காட்டினேன். தேசியப் போட்டியில் கம்ப்யூட்டர் புரோகிராம்களையும் ஆட விடலாமா? அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

"அதெப்படிண்ணே விடலாம்? அதுக்குப் பசியா, பயமா? மனுசன் முன்னால மனுசன்தான் உக்காரணும். மிஷினுக்கு வேணும்னா தனியா போட்டி வச்சுக்கிடட்டும்."

"வாஸ்தவமுங்க தம்பி," என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அதே மாதம் மாவட்டத் தேர்வுப் போட்டி வந்தது. ஷிப்மென்ட் நெருக்கடி என்பதால் ஒரு ஆளுக்குத்தான் லீவு என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு தடவையாவது பெரிய ஹாலில், கடிகாரம் வைத்து, முன்பின் தெரியாத ஆளோடு ஆட வேண்டும் என்பது பள்ளிக்கூடக் காலத்திலிருந்து என் ஆசை. இருந்தாலும் ஜெயிக்கிறவன் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். எல்லா ஆட்டத்திலும் தோற்றுத் திரும்பினான். காய்ச்சல் என்றான். நானும் நம்பி, சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், அவன் ராணியை வெட்டுகிற மாதிரி நேர் எதிரே என் யானையை வைத்து நோட்டில் எழுதினேன். கிளம்புமுன் மெஷினில் படிந்த பஞ்சைக் காற்றுக் குழாயால் ஊதிவிட வேண்டும். வழக்கமாக அட்டையைத் துணிபோட்டு மூடிவிட்டுத்தான் ஊதுவேன். அன்று பஸ்ஸுக்கு அவசரம், மறந்துவிட்டேன்.

காலையில் வந்து பார்த்தால் என் யானை மெஷினுக்கு அடியில் பஞ்சோடு கிடக்கிறது. அட்டையில் அதன் கட்டம் காலி. ஆனால் அவன் ராணி மட்டும் பதறி ஒதுங்கி நின்றது. இல்லாத யானையைப் பார்த்து எந்த மனுஷன் ஒதுங்குவான்?

"ஏனுங்க தம்பி, ஆட்டத்தப் பாக்கவே இல்லீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டான். நோட்டில் இருப்பதைச் செல்போனில் உள்ள செஸ் புரோகிராமில் போடுவானாம். அது சொல்வதை நகர்த்துவானாம். முதல் ஆட்டத்திலிருந்தே அப்படித்தானாம்.

"சும்மா வெளாட்டுக்குத்தானண்ணே," என்றான்.

தோற்றதுகூடப் போகட்டும். இந்த நகர்த்தலுக்கு அவன் மண்டையைக் குடைந்துகொள்வான் என்று நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போன நாட்கள் எத்தனை! அவன் என் காய்களை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இப்போது யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், தாராளமாக ஆட விடுங்கள் என்கிறேன். கம்ப்யூட்டர் என்று பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு எதிரே வந்து உட்காரட்டும். அதற்கு நான் என் லீவை விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.