உப்பு தேவையான அளவு

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, கண்டி மஹய்யாவயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு வாடகைக்காரரைப் பார்த்துவிட்டதாக அண்ணன் சொன்னார். நான் கொழும்புக்கு வந்து அவர் வீட்டோடு இருந்துவிட வேண்டுமாம். எனக்கு நாற்பத்து நான்கு வயது. கண்டியில் ஒரு தபாற்கந்தோரில் நிரந்தர வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். வீடு எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. இதில் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

“ஒரு முட்டைகூட பொரிக்கத் தெரியாது ஒனக்கு. தனியா இருந்து என்னத்த சாப்பிடுவ?”

அது உண்மை. நான் படிக்க வேண்டும் என்று அம்மா என்னைக் குசினிக்குள் விட்டதே இல்லை. பிறகு எனக்கும் அதுவே வசதியாகப் போய்விட்டது. சமையலில் எனக்கு ஆசை இல்லை. ஆனால் அந்த வீடு வேண்டும். உயிர்த்த ஞாயிறுக்கு வாருங்கள், என் கையால் சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றேன். அண்ணன் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். “உப்பா? கைக்கு வர்ற அளவு போடு” என்றார். என் கைக்கு எதுவும் வரவில்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடை. கடைக்காரர் அக்குறணைக்காரர். அட்டையில் முந்திரிப்பருப்பு மினுங்கும் தடித்த புத்தகங்களை எடுத்துப் போட்டார். நெய் இல்லாத பக்கமே இல்லை. அந்த விலைக்கு இரண்டு கிழமைச் சோற்றுப் பார்சல் வாங்கலாம்.

நான் ஒரு சோதனை வைத்தேன். எந்தப் புத்தகமானாலும் பருப்புக் கறியைத் திறப்பேன். ‘உப்பு: தேவையான அளவு’ என்று இருந்தால் மூடிவிடுவேன். தேவையான அளவு தெரிந்தவள் எதற்கு ஐயா புத்தகம் வாங்க வருகிறாள்? தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்காக எழுதிவிட்டு, தெரியாதவளிடம் காசு வாங்குகிறார்கள். ஏழு புத்தகங்களை மூடினேன்.

“எல்லாப் பொத்தகத்திலயும் அப்பிடித்தான் ஈக்கும் மிஸ்,” என்றார் கடைக்காரர். “ஒங்களுக்கு சமைக்க விருப்பம் இல்ல போல.”

“இல்லதான். விருப்பம் இருக்கிறவங்களுக்கு எதுக்குங்க புக்கு?”

அவர் ஸ்டூலில் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தைத் தூசி தட்டிக் கொடுத்தார். போடிங்கில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்காக யாரோ எழுதியது. ஒரு படமும் இல்லை. ஒரே அடுப்பு, ஒரே சட்டி. பருப்புக் கறியைத் திறந்தேன். ‘உப்பு: ஒரு தேக்கரண்டி, விரலால் வழித்து மட்டமாக. பருப்பு வெந்த பிறகு.’

நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. ஒருவராவது என்னிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

நாற்பது நாள் தபசு காலம் முழுக்க இரண்டு சட்டிகளைக் கரியாக்கினேன். கரிந்ததையும் நானே சாப்பிட்டேன். உயிர்த்த ஞாயிறன்று சோறு, பருப்பு, போஞ்சிக் கறி, நெத்தலிப் பொரியல் வைத்தேன். அண்ணன் பருப்பை இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டார். “உப்பெல்லாம் சரியா இருக்கே,” என்றார் அண்ணி.

“சரி, சமைக்கிற,” என்றார் அண்ணன். “ஆனாலும் ஒரு பொம்பள தனியா எப்படி இருக்கிறது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் சோறு வெறும் சாட்டுத்தான்.

“மகளோட பிரசவத்துக்கு அண்ணி போயிருந்த மாசம் நீங்க என்ன சாப்பிட்டீங்க அண்ணே?”

அண்ணிதான் பதில் சொன்னார்: “மூணு நேரமும் பார்சல். குடிச்ச கோப்பையகூட கழுவல.”

“அப்ப யாராச்சும் ஒங்க வீட்ட வாடகைக்கு விடச் சொன்னாங்களா?”

புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். “இது ஒங்களுக்கு. பருப்பு பதினோராம் பக்கம். எனக்கு இனி பாக்கத் தேவையில்ல.”

அண்ணன் அதைத் தொடவில்லை. அண்ணிதான் எடுத்து, இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “அடுத்த மாசம் நான் திரும்ப மக வீட்டுக்குப் போறேன்,” என்றார், அண்ணனைப் பார்க்காமல்.

வாடகைக்காரர் வரவே இல்லை. இன்றைக்கும் எனக்குச் சமையல் பிடிக்காது. என் வீட்டில், என் சட்டியில், பிடிக்காமலேயே சமைக்கிறேன்.