கலாஸ் என்றால் திரை விழும்

வளைகுடாவில் நாடகக்காரனுக்கு முதல் தகுதி வெள்ளிக்கிழமை லீவு. குரல், முகம், ஞாபக சக்தி எல்லாம் அப்புறம்.

நான் தோஹா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வாரம் முழுக்க போல்ட்டு, நட்டு, கையுறை. வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் கேம்ப் ஆட்களை உட்கார வைத்து, பாட்டும் கூத்துமாய் ஒரு சிரிப்பு நாடகம் பழக்குவேன். கோயில் திருவிழாவிலோ ஆபீஸ் ஆண்டு விழாவிலோ நாலு பேரை மேடையேற்றி அவதிப்பட்டவர் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நம்ம ஆள்தான். கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள், நெஞ்சு ஆறும்.

நாடகத்தின் பெயர் ‘மகாராணிக்கு ஜலதோஷம்’. ராணிக்குச் சளி பிடித்துக் குரல் போய்விடும். தன்னால் பாட முடியாதபோது நாட்டில் எவனும் பாடக்கூடாது என்று மந்திரியை விட்டு உத்தரவு போடுவாள். கடைசியில் ஒரு பெருந்தும்மல். குரல் திறந்துகொள்ளும், ராணி பாடுவாள், ஊரே கூடப் பாடும். அந்தக் கடைசிப் பாட்டுக்காகத்தான் மொத்த நாடகமும். ஆனால் இரண்டு வருஷம் மேடையேற்றியும் அதை ஒருத்தரும் கேட்டதில்லை. சாப்பாட்டு மெஸ் மூடிவிடுவான் என்று கேம்ப் பஸ் ஹாரன் அடிக்கும், ஜனம் எழுந்து ஓடும், நாங்கள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

இந்த வருஷம் விட்டால் இல்லை. அந்தப் பாட்டைக் கட்டியவனும் ராணியாக நடிப்பவனும் ஒரே ஆள், அருளப்பன். அவன் விசா கேன்சலாகி ஊருக்குப் போகிறான், இனி வரமாட்டான். நாடகம் வெள்ளிக்கிழமை, அவனுக்கு விமானம் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பாட்டை நாலு பேர் கேட்காமல் இவனை விமானம் ஏற்றுவதில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ராணி கிடைத்த விதம்

முதல் வருஷம் ராணி வேஷத்துக்கு நர்ஸ் தங்கச்சிகள் இரண்டு பேரைக் கேட்டேன். இரண்டு பேருக்கும் ஆசைதான். டூட்டி மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் மிஞ்சியவன் அருளப்பன். தூத்துக்குடி கடற்கரைப் பக்கம், வெல்டர், சர்ச் பாடகர் குழுவில் பாடிப் பழகிய தொண்டை. ஆள் கதவு உயரம். மீசை ஒரு பிடி.

“மீசையை எடுத்துடுப்பா” என்றேன். முடியவே முடியாது என்றான். அழகுக்காக வைத்திருக்கிறான் என்று நினைத்து நான் சத்தம் போட்டேன். அவன் சட்டைப்பையிலிருந்து பத்தாக்காவை எடுத்துக் காட்டினான். இங்கே அடையாள அட்டைக்கு அதுதான் பெயர். போட்டோவில் அவனுக்கு முன்னால் மீசைதான் தெரிந்தது. “மீசை இல்லாம கேம்ப் கேட்டுக்குப் போனேன்னா, இது நீ இல்லம்பான் அண்ணாச்சி. ராணிக்குச் சளிதான? மூக்க மூடி ஒரு கைக்குட்டைய பிடிச்சுக்கிட்டா மீசைய எவன் பாக்கப் போறான்?”

கிசுகிசு கோரஸ்

எங்களுக்கு ஒத்திகை மண்டபம் எல்லாம் கிடையாது. என் ரூம்தான். அதே ரூமில் கீழ்க்கட்டிலில் தங்கராசு தூங்குவான். அரியலூர்க்காரன், நைட் டூட்டி. வெள்ளிக்கிழமை காலையில் வந்து படுத்தால் சாயந்தரம்தான் எழுவான். உழைத்துக் களைத்து வந்தவனை எழுப்ப யாருக்கு மனசு வரும்? அதனால் கோரஸ் முழுவதையும் கிசுகிசுத்தே பழகினோம். ‘பாடுங்கடா ஊரே, ராணி சொல்லியாச்சு’ என்பது கடைசிப் பாட்டின் கடைசி வரி. பத்து தடியன்கள் கட்டிலைச் சுற்றி நின்று அதைக் காற்றாக ஊதுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒருநாள் அருளப்பன் அந்த வரிக்கு மெட்டைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தான். போர்வை விலகியது. தங்கராசு கண்ணைத் திறக்காமலே பேசினான். “இத்தன நாளா கேட்டு இந்தப் பாட்டுலதாண்ணே எனக்குத் தூக்கமே வருது. கடைசி வரிய மட்டும் மாத்தாதீங்க, முழிப்புத் தட்டிடுது.”

மந்திரி பாஷை

மந்திரி முருகேசன். புதுக்கோட்டைப் பக்கம், சைட்டில் ஃபோர்மேன். பல வருஷமாக இந்திக்காரன், நேபாளி, பெங்காலி எல்லோரையும் மேய்த்தவன். நல்ல குரல், வசனமும் மறக்கமாட்டான். ஆனால் கோபப்படுகிற காட்சி வந்தால் தமிழ் கழன்றுவிடும். ‘யாரங்கே, இவனை இழுத்துச் செல்லுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் ‘பாய், ஜல்தி’ என்பான். ‘மன்னிப்பு கிடையாது’ என்பதற்கு ‘மாஃபி’, அரபியில் இல்லை என்று அர்த்தம். எந்த உத்தரவானாலும் முடிவில் முத்திரை குத்துகிற மாதிரி ஒரு ‘கலாஸ்’. முடிந்தது, இனிப் பேச்சில்லை என்று அர்த்தம்.

தலையில் அடித்துக்கொண்டு கேட்டேன், எந்த அரண்மனையில் மந்திரி கலாஸ் சொன்னான் என்று. அவன் அசரவில்லை. “அரண்மனைய கட்டுனது யாருண்ணே? அங்கயும் ஒரு சைட்டு இருந்திருக்கும், ஒரு ஃபோர்மேன் இருந்திருப்பான். அவன் பேசுனதத்தான் நான் பேசுறேன்.”

பஸ்ஸைக் கட்டிப்போட்ட யோசனை

ஹாரன்தானே எமன்? ஹாரன் அடிக்கிறவரையே நாடகத்துக்குள் இழுத்துவிட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. கேம்ப் பஸ் டிரைவர் ரஹ்மத் பாய், பெஷாவர்க்காரர், மலை மாதிரி உடம்பு. அவரைத் திரை இழுக்கக் கூப்பிட்டேன். நாடகம் முடியாமல் அவர் கயிற்றை விடமாட்டார், அவர் இல்லாமல் பஸ் நகராது. மெஸ்காரர் கையைக் காலைப் பிடித்து, வெள்ளிக்கிழமை சோற்றைக் கொஞ்சம் தாமதமாக எடுத்து வைக்கவும் சம்மதம் வாங்கிவிட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பாய்க்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. அதனால் இங்கே எல்லோருக்கும் தெரிந்த இரண்டு அரபு வார்த்தையைக் கொடுத்தேன். பக்கத் தட்டிக்குப் பின்னாலிருந்து நான் ‘யல்லா’, அதாவது கிளம்பு, என்றால் திறக்க வேண்டும், ‘கலாஸ்’ என்றால் மூட வேண்டும். அவர் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு தலையாட்டினார். “அச்சா பாய். யல்லா, கோல். கலாஸ், பந்த். பஸ் கா தர்வாஸா ஜைசா.” பஸ் கதவு மாதிரிதானே என்கிறார். முருகேசன் ஞாபகம் அப்போது எனக்கு வரவே இல்லை.

முதல் காட்சியின் நான்கு முடிவுகள்

தோஹாவில் நஜ்மா பகுதியில் ஒரு சின்ன ஹால். நாற்காலி போதாமல் ஜனம் சுவரோரம் நின்றது. யல்லா என்றேன், திரை திறந்தது. ராணி கைக்குட்டையோடு தும்மினாள், நல்ல சிரிப்பு. மந்திரி எழுந்து உத்தரவு போட்டான்: “இன்று முதல் இந்நாட்டில் பாடுகிறவன் தலை தரையில் உருளும். கலாஸ்.”

திரை விழுந்தது. சிம்மாசனம் உள்ளே, ராணி வெளியே. ‘யல்லா, யல்லா’ என்று கத்தித் திறக்க வைத்தேன். முருகேசன் பதறிப்போய், “தப்பு தப்பு, கலாஸ் இல்ல” என்று விளக்கம் சொன்னான். மறுபடி விழுந்தது. அடுத்த உத்தரவிலும் கலாஸ் வந்து மூன்றாவது தடவை விழுந்தபோது எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. நாலாவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள் ஜனமே ‘யல்லா’ என்று கூவித் திறக்க வைத்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னைக் கைகாட்டி அழைத்துப் பொறுமையாகச் சொன்னார். “தம்பி, நாடகம் நல்லாருக்கு. அந்த மந்திரிக்கு மட்டும் ஒரு வாரம் லீவு குடுத்து ஊருக்கு அனுப்புங்க.”

கடைசிப் பாட்டு

மிச்ச நாடகம் முழுக்க முருகேசன் உதட்டைக் கடித்துக்கொண்டே நடித்தான். திரை விழுந்து விழுந்து நேரம் ஓடிவிட்டது. எங்களுக்குப் பிறகு ஹாலை எடுத்திருந்த பிறந்தநாள் வீட்டார் பலூனோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். மேடையில் பெருந்தும்மல். அருளப்பன் தும்மிய வேகத்தில் கைக்குட்டை பறந்தது. மகாராணியின் மீசையைப் பார்த்து ஹால் கூரை பிய்கிற மாதிரி சிரித்தது. அவன் அசையாமல் நின்றான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து ஆரம்பித்தான்: “தொண்டைப் பூட்டு திறந்ததம்மா தும்மல் சாவியால்...”

சிரித்த ஜனம் அமைதியாகிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து ஹால் வாட்ச்மேன் பக்கவாட்டுக் கதவால் உள்ளே வந்து, கையை ஆட்டி, “கலாஸ், கலாஸ்” என்றார். திரை விழுந்தது. மூன்றாவது வருஷமும் போச்சு என்று நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திரைக்குப் பின்னால் அருளப்பன் மட்டும் நிறுத்தவில்லை, பாடிக்கொண்டே இருந்தான். அந்தக் குரல் கேட்டதும் முதலில் பின்வரிசை, அப்புறம் மொத்த ஹாலும், ‘யல்லா’ என்றது. திரை திறந்தது. வாட்ச்மேன் மறுபடியும் கலாஸ் என்றார். ரஹ்மத் பாய் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தார், கயிறு அசையவில்லை. கிசுகிசுத்தே பழகிய எங்கள் கோரஸுக்குக் குரல் எழும்பவில்லை. ‘பாடுங்கடா ஊரே’வை ஜனம்தான் எடுத்துப் பாடியது, பலூன் வைத்திருந்த பிள்ளைகள் உட்பட. வாட்ச்மேன் ஏதோ கேட்க, பாய் நிதானமாகப் பதில் சொன்னார். “மே க்யா கரூ பாய்? பப்ளிக் யல்லா போல்தா ஹை.” பொதுஜனம் யல்லா சொல்லும்போது தான் என்ன செய்ய முடியும் என்கிறார்.

கேட்டில் மகாராணி

வேஷம் கலைக்க நேரமில்லை. பட்டுப் புடவையோடும் பூசிய கன்னத்தோடும் அருளப்பன் பஸ்ஸில் ஏறினான். கேம்ப் கேட்டில் செக்யூரிட்டி இறக்கிவிட்டான். அவன் நேபாளி, கடமையில் கண்ணாக இருப்பவன். பத்தாக்காவைப் பார்த்தான், லிப்ஸ்டிக்கைப் பார்த்தான், மறுபடி பத்தாக்காவைப் பார்த்தான். மீசைக்காக இத்தனை நாள் காத்த விரதம் வீணாகிவிடுமோ என்று எங்களுக்கெல்லாம் பயம். கடைசியில் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். “மூச் டீக் ஹை. பாக்கி கோன் ஹை?” மீசை சரியாக இருக்கிறதாம், மிச்சம் யார் என்று கேட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை அருளப்பன் போய்விட்டான். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, “கேட்டுட்டாங்கல்லா அண்ணாச்சி” என்றான். ஆமாம், கேட்டுவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒத்திகை கிடையாது. தங்கராசு நிம்மதியாகத் தூங்கட்டும் என்று விளக்கை அணைத்து, ஃபோனையும் சத்தம் இல்லாமல் வைத்துவிட்டுப் படுத்தேன். கீழ்க்கட்டிலில் புரண்டான். மறுபடி புரண்டான். என்னடா என்று கேட்டேன். “தூக்கம் புடிக்கலண்ணே. அந்தப் பாட்ட மெதுவா ஒரு தடவ பாடுங்களேன்.”

ஆக, அடுத்த வருஷத்துக்கு ராணி கிடைக்கவில்லை, கதை எழுதவில்லை, அந்த ஹாலை மறுபடி கொடுப்பார்களா என்பதும் சந்தேகம்தான். ஆனால் திரை இழுக்க ஆள் இருக்கிறார், நாடகம் நடக்கும்.