அந்தக் கேள்வியை அடித்துவிட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை, அல்சூரில் ஒரு மீட்டிங்கில் மேஜையை ஓங்கித் தட்டிவிட்டேன். டீ கவிழ்ந்து மினிட்ஸ் நோட்டு நனைந்தது. அங்கே ஸாரி சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை!

எங்கள் முதலுதவிக் குழுவைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே பெருமை அடித்திருக்கிறேன். யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், பக்கத்தில் இருக்கும் தொண்டர் ஓடிப்போய், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருப்பார். பெங்களூரு டிராஃபிக்கில் ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்பது... உங்களுக்குத் தெரியாததா?

தினேஷ் அப்படி ஒரு தொண்டர். சிவாஜிநகரில் துணிக்கடையில் வேலை. மூன்று வாரத்துக்கு முன்பு, பஸ் ஸ்டாண்டில் ஒருவர் விழுந்துவிட்டார் என்று தகவல் வந்ததும், அளந்துகொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கை மரத்துப்போகும்வரை அழுத்தினார். ஆனாலும் அந்த மனிதர் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு தினேஷ் எங்கள் பக்கம் வரவே இல்லை. போனும் எடுக்கவில்லை.

மீட்டிங்கில் செயலாளர் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "அவர் பேரை எடுத்துடலாம் மேடம். புதுசா ஒருத்தரைச் சேர்த்து ட்ரெயினிங் குடுத்தா போச்சு."

இதென்ன, பல்பு மாற்றுகிற வேலையா?

முந்தின நாள்தான் நான் கடைக்கே போய் தினேஷைப் பார்த்திருந்தேன். "வேலை ஜாஸ்தியாப்பா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லக்கா." மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தார். "அன்னிக்கு ஒரு ஃபார்ம் குடுத்தீங்கல்ல... 'காப்பாற்றினீர்களா? ஆம், இல்லை'ன்னு. 'இல்லை'ல டிக் போட்டேன். நானே கொன்னுட்ட மாதிரி இருந்துச்சு. வாட்ஸப் குரூப்ல எல்லாரும் கும்பிடு எமோஜி போட்டீங்க. நீ எப்படிடா இருக்கேன்னு ஒருத்தரும் கேக்கல."

கும்பிடு போட்டவர்களில் நானும் ஒருத்தி. வெட்கமாக இருந்தது.

"தப்புதான்பா. மறுபடி வருவியா?"

"தெரியலக்கா."

இதைத்தான் மீட்டிங்கில் சொன்னேன். அந்தக் கேள்வியை எடுங்கள். யார் ஓடினாலும் சரி, மறுநாள் நம்மில் ஒருவர் அவர் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் கூட இருக்க வேண்டும் என்றேன்.

செயலாளர் சிரித்தார். "நாம உயிர் காப்பாத்துற அமைப்பு மேடம். வீடு வீடா போய் உக்காந்துட்டிருக்க முடியுமா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி." கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று கன்னடத்தில் வேறு!

அப்போதுதான் மேஜையைத் தட்டினேன். "ஓடிவந்து அழுத்துறாரே, அவருக்கும் உயிர்தான் சார் இருக்கு!"

"சரி சரி, கமிட்டியில டிஸ்கஸ் பண்ணலாம்."

பண்ணட்டும். நான் காத்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, மேஜையில் கட்டாக இருந்த ஒவ்வொரு ஃபார்மிலும் அந்தக் கேள்வியைப் பேனாவால் அடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிழைப்பதும் பிழைக்காததும் நம் கையிலா இருக்கிறது? ஓடுவது மட்டும்தானே நம் கையில்! அதைப் பாராட்ட ஒரு வரி எழுதத் துப்பில்லை, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறோம்!

அன்று சாயந்திரம் தினேஷுக்கு வாட்ஸப்பில் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது. பதில் இல்லை.

புதன்கிழமை, ரெஹானா ஓடினார். எங்கள் குழுவில் இருக்கும் டெய்லர். மெட்ரோ படிக்கட்டில் விழுந்த ஒரு அம்மாவுக்காக மூச்சிரைக்க அழுத்தியும்... இந்த முறையும் கைகூடவில்லை. நான் குரூப்பில் விஷயத்தைப் போட்டுவிட்டு, மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லி, அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். ஆட்டோவில் ஏறும்போதே அவரிடமிருந்து போன்.

"மேடம், அவசரமில்ல, மெதுவா வாங்க. தினேஷ் அண்ணன் காலையிலயே வந்துட்டாரு. இட்லி வாங்கிட்டு வந்து, நீ சாப்ட்டாதான் கிளம்புவேன்னு உக்காந்திருக்காரு."

கமிட்டி இன்னும் டிஸ்கஸ் பண்ணிக்கொண்டிருக்கிறது.