அம்மா வேலூருக்குப் போன மத்தியானம்

அந்தக் கோடையில் ஆரணியில் எங்கள் தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர் நாறியது. சோற்றில், தலையணையில், காயப்போட்ட துணியில் என்று எதை முகர்ந்தாலும் அந்தக் காரம் மூக்கில் ஏறியது. பாவு நூல் வராததால் தறிகள் நின்றுபோயிருந்தன. பகல் முழுக்கத் தறிச் சத்தம் கேட்டே வளர்ந்த எங்களுக்கு அந்த அமைதி பழகவேயில்லை.

ஊரடங்கு போட்டிருந்த சமயம். எனக்குப் பதினான்கு வயது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் பெயர் எஸ்தர்; வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். மிச்ச நேரமெல்லாம் எங்கள் சின்னச் சபையின் சார்பில் தெருத்தெருவாக ஊழியம் செய்வாள். ஊழியம் என்றால் பிரசங்கம் இல்லை. கண் தெரியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, பிள்ளை பெற்றவளுக்குத் துணி துவைத்துப் போடுவது, யாருமில்லாத வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுப்பது. தெருவில் அவளுக்கு "அல்லேலூயா அக்கா" என்று பெயர். சிலர் பிரியமாகச் சொன்னார்கள், சிலர் நக்கலாக. "மதம் மாத்தத்தான் சுத்திகினு கீது" என்று காதுபடவே பேசியவர்களும் உண்டு.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் என் வகுப்புத் தோழி சங்கீதா இருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். தினமும் "சுகர் ஊசி" போட்டாக வேண்டும். மாதா மாதம் அவள் அப்பா பஸ்ஸில் வேலூர் போய் மருந்து வாங்கி வருவார். அவருக்குக் கொரோனா என்று உறுதியாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே, எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டித் தெருவின் குறுக்கே தகரம் அடித்துச் "சீல்" வைத்துவிட்டார்கள். நாங்கள் இந்தப் பக்கம். சங்கீதாவும் அவள் அம்மா லோகு அத்தையும் அந்தப் பக்கம்.

காலையிலும் மாலையிலும் அம்மா தகரத்துக்கு மேலாகப் பால், காய்கறி, குடிதண்ணீர்க் குடம் எல்லாம் எடுத்துக் கொடுப்பாள். எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த முனிரத்தினத்துக்கு அது பிடிக்கவில்லை. அவர் மனைவி இதய நோயாளி. "தோ பாரும்மா, நீ அங்க கை நீட்டிட்டு வந்து எங்க குழாயத் தொடுற. இது சரிப்படாது. போறதுன்னா வீட்டக் காலி பண்ணிட்டுப் போ" என்றார். "கைய சோப்பு போட்டுத்தான் தொடுறேன் அண்ணா" என்றாள் அம்மா. எனக்குத்தான் பக்கென்றது. வெளியே அனுப்பிவிட்டால், ஊரே அடைத்துக் கிடக்கும்போது எங்கே போவோம்? அன்று ராத்திரி அம்மாவிடம் சண்டை போட்டேன். "அவங்க குடிக்கிற தண்ணிக்கு நான் போகாட்டி வேற யார் போவா, சொல்லு" என்றாள்.

ஒருநாள் காலையில் தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து லோகு அத்தை கிசுகிசுத்தாள். மருந்து நேற்றோடு தீர்ந்துவிட்டது; சங்கீதா வாந்தி எடுக்கிறாள். அம்மா ஊரிலிருந்த மருந்துக்கடைகளையெல்லாம் சுற்றிவிட்டு வந்தாள். அந்த வகை எங்கேயும் இல்லை. "ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடலாம் லோகு" என்றதும் அத்தை அழுதுவிட்டாள். "வேணாம் சிஸ்டர். அவரக் கூட்டிகினு போனாங்க, இன்னும் முகத்தப் பாக்கல. இவளயும் அந்த வார்டுல போட்டா நான் இன்னா பண்ணுவேன்? உங்களக் கும்புடுறேன், யாருக்கும் சொல்லாதீங்க."

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். ஜெபித்தாளா, யோசித்தாளா, தெரியாது. "மருந்து வாங்கிகினு மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன். அது வரைக்கும் சொல்லமாட்டேன்" என்றாள். தன்னார்வலர்களுக்குக் கொடுத்திருந்த பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மருந்து சூடாகாமலிருக்க ஐஸ் போட்ட பிளாஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டு மொபெட்டில் ஏறினாள். "ஜெபா, அவள தூங்க விடாத. பேசிகினே இரு" என்று மட்டும் சொன்னாள்.

லோகு அத்தை சங்கீதாவை வாசலுக்குக் கூட்டிவந்து தகரத்தின் ஓரம் பாயில் உட்கார வைத்தாள். இரண்டு தகடுகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில் அவள் முகத்தில் பாதி தெரிந்தது. வெயிலேற ஏறத் தகரத்தில் தோள் பட்டால் சுட்டது. கணக்கு டீச்சரின் குடையைப் பற்றிப் பேசினேன். ஸ்கூல் திறந்தால் யார் பக்கத்தில் உட்காருவது என்று பேசினேன். முதலில் சிரித்தாள். பிறகு அவள் மூச்சு, ஓடிவந்தவளுடையது போல வேகமாகவும் ஆழமாகவும் வர ஆரம்பித்தது.

"ஸ்கூல் திறந்தா மொதல்ல இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"தண்ணி."

"டீச்சர் பேரு இன்னாடி?"

"தண்ணி."

லோகு அத்தை டம்ளர் டம்ளராகக் கொடுத்தாள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. வெயில் உச்சியைத் தாண்டியும் அம்மா வரவில்லை. வீட்டிலிருந்த பட்டன் போனில் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டேன். அதே குரல். திரும்பி வந்து "சங்கீ" என்றேன். பதில் இல்லை. கத்தினேன். அவள் இமை பாதி திறந்து மூடியது.

நான் 108-ஐ அழுத்துவதை இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள் லோகு அத்தை. "வேணாம்டி ஜெபா, உங்க அம்மா வாக்கு குடுத்துக்கீறாங்கடி" என்று கெஞ்சினாள். ஆனாலும் தெருப் பெயரைச் சொன்னேன், வயதைச் சொன்னேன், சர்க்கரை என்று சொன்னேன்.

ஆம்புலன்ஸ் வந்தபோது தெருவே வாசலில் நின்றது, ஆனால் ஒருவரும் கிட்டே வரவில்லை. வெள்ளை அங்கி போட்டு வந்தவர் கம்பிக் கட்டை அவிழ்க்கத் திணறி, "ஒருத்தராவது வந்து பிடிங்கப்பா" என்றார். நான் போய்த் தகரத்தைப் பிடித்தேன். "ஏய், தொடாத! தொட்டா என் வீட்டுப் படி ஏறக்கூடாது" என்று முனிரத்தினம் கத்தினார். நான் விடவில்லை. அப்போது உள்ளேயிருந்து டமார் என்று ஒரு உதை. அடுத்து இன்னொன்று. ஆம்புலன்ஸே வேண்டாம் என்று கெஞ்சிய லோகு அத்தைதான், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலால் தகரத்தை உதைத்துக்கொண்டிருந்தாள். "ஜல்தி, ஜல்தி, என் பொண்ணு போறாடி" என்று அலறினாள். தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சங்கீதாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தலை தொங்கியது.

வண்டி தெருமுனையைத் திரும்பிய சிறிது நேரத்தில் அம்மா மருந்தோடு வந்தாள். மாவட்ட எல்லையில் வெகுநேரம் நிறுத்திவிட்டார்களாம். சாய்ந்திருந்த தகரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான்தான் போன் பண்ணேன்மா" என்றேன். "எங்க கொண்டுபோனாங்க?" "வேலூருக்கு." வந்த வழியே, இறங்காமலேயே வண்டியைத் திருப்பினாள்.

சங்கீதா பிழைத்துக்கொண்டாள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். அவள் அப்பாவும் தேறி வந்தார். லோகு அத்தைக்கும் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த அம்மாவுக்கும் தொற்று வந்தது. முனிரத்தினம் சொன்னபடியே வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். அம்மா திரும்பும் வரை எங்கள் சபைப் பாஸ்டர் வீட்டில் இருந்தேன். பிறகு கோட்டைப் பக்கம் ஓர் அறைக்குக் குடிபோனோம்.

இப்போது நான் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். அந்தத் தெருவில் சிமெண்ட் ரோடு போட்டுவிட்டார்கள். தகரம் நின்ற இடத்தைக் காட்டச் சொன்னால் எனக்கே தெரியாது. முனிரத்தினத்தின் மனைவி இறந்துபோனாள், வழியில் கண்டால் அவர், "நல்லா கீறியாம்மா?" என்பார், நானும் நின்று பேசுவேன். அம்மாவால் முன்போலத் தெருத்தெருவாக நடக்க முடிவதில்லை, நாலு படி ஏறினால் மூச்சு இளைக்கிறது. வாக்கை மீறியதற்காக அவள் என்னை ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. ஒரேயொரு தடவை, தைத்துக்கொண்டே, "நான் குடுத்திருக்கக் கூடாத வாக்கு" என்றாள்.

சங்கீதா பட்டுக் கடையில் பில் போடுகிறாள். அந்த மத்தியானத்தில் ஒரு துளிகூட அவளுக்கு நினைவில்லை. போன வாரம்கூடக் கேட்டாள்: "அவ்ளோ நேரம் நாம இன்னாடி பேசிகினு இருந்தோம்?"

"நீ எங்க பேசின? நான்தான் பேசினேன்" என்றேன்.