எந்தத் தீயில?

எங்க அண்ணிக்கு இருமல் வந்துட்டா வீட்ல யாரும் பேச மாட்டோம். பேசினாலும் காதுல விழாது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "இனிமே புகைப் பக்கம் போனீங்கன்னா நுரையீரல் தாங்காது"ன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டார். அண்ணி பாக்கறதோ காட்டுத்தீப் படையில தண்ணி லாரி ஓட்டற வேலை. அவங்களுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: லாரியை விட்டு இறங்கி, வண்டி ஷெட்லயே ஒரு வேலை. பம்புகளைப் பாத்துக்கற இடம் காலியாத்தான் கிடந்தது.

படையில அவங்களுக்கு "டேங்கர்"னு பேரு. வீட்ல அண்ணனும் விட மாட்டான், "டேங்கருக்குத் தண்ணி வேணுமா"ன்னு டம்ளரை நீட்டுவான். ரிவர்ஸ் எடுக்கறதுல அவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், டேங்க் நிறையத் தண்ணி, கண்ணாடியைப் பாத்தே இறக்கிடுவாங்க. சும்மா சொல்லலை, நானே பக்கத்து சீட்ல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

ஷெட் வேலை கேக்க நான்தான் அவங்களை ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன். அண்ணனுக்குச் சட்டுன்னு கோபம் வராது, எனக்கு வரும். அதனால என்னை அனுப்பினாங்க.

அதிகாரி மோசமான ஆள்னு சொல்ல முடியாது. ஃபேனை எங்க பக்கம் திருப்பி விட்டார். அப்புறம் கேட்டார், "எந்தத் தீயில உங்களுக்கு இப்படி ஆச்சு?"

"ஒரு தீயிலன்னு இல்ல சார். சீசன்ல ஆச்சு. நாலு சீசன்."

"சீசன்னு எழுத முடியாதும்மா. வேலையில வந்த நோவுன்னு காட்டினாத்தான் ஷெட்டுக்கு மாத்த முடியும், அதுக்கு ஒரு தீயோட பேரைச் சொல்லணும். குவாரித் தீயா?"

"அன்னிக்குக் காத்து எங்களுக்குச் சாதகமா அடிச்சுது. சாயங்காலமே அணைச்சுட்டோம். எனக்கு ஒண்ணும் ஆகலை."

"பாலத்தடித் தீ?"

"அதுலயும் ஒண்ணும் ஆகலை சார்."

"பாருங்க, ஒண்ணும் ஆகலைன்னு நீங்களே சொல்றீங்க."

எனக்கு ரத்தம் கொதிச்சுது. தீன்னா கண்ணுக்குத் தெரியும். எங்கே ஆரம்பிச்சுது, எங்கே நின்னுதுன்னு சொல்லலாம். அதுக்கு ஒரு பேரு வச்சு, அணைச்சதும் தோள்ல தட்டி போட்டோ எடுத்துக்கலாம். சீசனை யார் போட்டோ எடுக்கறா? புல் காயற அன்னிக்கு ஆரம்பிச்சு, ஒரு தீ அணைஞ்சு அடுத்தது பத்தற இடைவெளியிலயும் அது ஓடிக்கிட்டேதான் இருக்கு. மேலே அணைஞ்சாலும் விழுந்த மரத்துக்கு அடியில கனல் புகைஞ்சுக்கிட்டு கிடக்கும். போட்டோக்காரங்க போனப்புறம் அங்கே தண்ணி கொண்டுபோறது அண்ணிதான். தூங்கற கொட்டகையில புகை, துவைச்ச சட்டையில புகை. முன்னெல்லாம் வெயில் காலத்தோட முடியும், இப்ப குளிர் வந்தும் விடறதில்லை.

"வருஷக்கணக்கா அடுப்புப் புகையில நின்னு ஒருத்தங்களுக்குக் கண்ணு போச்சுன்னு வைங்க. எந்த வேளைச் சமையல்ல போச்சுன்னா சார் கேப்பீங்க?"ன்னு கேட்டேன்.

அவர் ஃபாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "ரூல் அப்படி, தம்பி. குப்பைமேட்டுத் தீயைப் போட்டுக்கலாமே? அதுல புகை ஜாஸ்தி. படைத் தலைவர் பாதுகாப்பைச் சரியா கவனிக்கலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா வேலை சுலபம்."

அண்ணி நிமிர்ந்து பாத்தாங்க. "அந்தத் தீயில தன் மாஸ்க்கைக் கழட்டி எனக்கு மாட்டி விட்டவர் சார் அவர். அவர் மேல எழுத மாட்டேன்."

அப்பத்தான் மேசை மேல இருந்த போன் அடிச்சுது. நீர்த்தேக்கத்துக்குப் பின்னாடி சரிவுல புதுசா பத்திக்கிச்சாம். லாரிக்கு டிரைவர் பத்தலையாம். அவர் போனைக் கையால பொத்திக்கிட்டு அண்ணி பக்கம் திரும்பினார். கொஞ்சம்கூடக் கூச்சமில்லை, ஏதோ உதவி செய்யற குரல்லயே சொன்னார். "போயிட்டு வாங்கம்மா. ஏதாவது ஆச்சுன்னா இந்தத் தீன்னே போட்டுடலாம்."

அடப்பாவி. எனக்கு வாயில நல்லா வந்தது. அண்ணி என் கையைப் பிடிச்சு அமுக்கினாங்க. கைப்பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்து அவர் முன்னாடி வச்சாங்க. "நான் போகலை"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள இருமல் வந்து, மேசை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. இருமி ஓயற வரைக்கும் அவர் பொறுமையா காத்திருந்தார். அப்புறம் பேனாவைத் திறந்து, "நீர்த்தேக்கத் தீக்குப் போக மறுத்தார்"னு எழுதினார். வேலையை விட்டு நிறுத்த அந்த ஒரு தீ போதுமாம்.